மீன் விடுவதற்கு முன் ஆறு வாரம்

வகுப்பறைக்கு மீன்தொட்டி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். திங்கட்கிழமை தொட்டி, கூழாங்கல், நெகிழிச் செடி, பாலித்தீன் பையில் எட்டுத் தங்கமீன்கள் என எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். இரண்டு மூன்று நாள்களுக்குப் பிள்ளைகள் தொட்டியை விட்டு நகரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மீன் மிதக்கும். அடுத்த திங்கட்கிழமை கதவைத் திறந்தால் இன்னும் இரண்டு மிதக்கும். தண்ணீர்தான் காரணம் என்று யாராவது சொல்வார்கள். உடனே தொட்டியைக் கவிழ்த்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவோம். மிச்ச மீன்கள் அந்த வாரத்திலேயே போய்விடும். கடைக்காரரிடம் கேட்டால், "தங்கமீன் நிக்காது சார், வேற ஜாதி வாங்கிக்கிட்டுப் போங்க" என்பார். காலித் தொட்டி ஆய்வக அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

தங்கமீன் நிற்காத மீன் அல்ல. நல்ல பராமரிப்பில் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும். பிரிட்டனில் ஒரு வீட்டில் வளர்ந்த 'டிஷ்' என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. அப்படிப்பட்ட மீன் பத்து நாளில் சாகிறது என்றால் அதற்குக் குறிப்பான ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் காரணம், தொட்டியும் மீனும் ஒரே நாளில் வந்ததுதான்.

தெளிந்த நீரில் என்ன இருக்கிறது?

மீன் தன் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. எச்சமும், தின்னாமல் விட்ட தீவனமும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது கரைந்து பரவிவிடும். அதை உண்ணும் நுண்ணுயிர்களும் பாசிகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நேற்று வாங்கிய கண்ணாடித் தொட்டியில் அவை இல்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் நம் மூக்குக்கு அது எட்டாது. ஆகவே தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். மீனின் செவுள் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

இதை மாணவர்களைக் கொண்டே கணக்குப் போட வைக்கலாம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். விளிம்புவரை நிரப்ப மாட்டோம் என்பதால் 50 லிட்டர் என்று கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு சிட்டிகை தீவனம், சிட்டிகைக்குக் கால் கிராம் என்றால் ஒரே நாளில் 10 கிராம் உள்ளே போகிறது. தீவனத்தில் 32 விழுக்காடு புரதம் என்றால் 3.2 கிராம் புரதம். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன்; ஆக, சுமார் அரை கிராம் நைட்ரஜன். அதில் பாதி அம்மோனியாவாக மாறினாலும் 250 மில்லிகிராம். 50 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 5 மில்லிகிராம். நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே தங்கமீனுக்கு ஆபத்து. ஒரு நாள் அன்பு அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

வெப்பத்தைச் சொல்லக் காரணம் உண்டு. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனி அவ்வளவாகத் தீங்கு செய்யாது. அயனியாகாத அம்மோனியாதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். மதிப்பும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் நூற்றில் ஏழு பங்குக்கு மேல். நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் காரத்தன்மையும் கொண்டது. ஒரு பள்ளியில் தப்பிப் பிழைக்கும் மீன், பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே பராமரிப்பில் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பத்தாம் வகுப்பில் பி.எச். நடத்தும்போது எலுமிச்சைச் சாற்றையும் சோப்புக் கரைசலையும் காட்டுகிறோம். பள்ளிக் குழாய்த் தண்ணீரை ஒரு முறை சோதித்து இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொன்னால், அந்த எண் பிள்ளைகளுக்கு வேறு விதமாகப் புரியும்.

யாருக்கு சார் சாப்பாடு?

மேல்வகுப்புப் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி வருகிறது. அம்புக்குறிகள் போட்ட வட்டப் படமாக அதைக் கரும்பலகையில் வரைந்து, மாணவர்களும் வரைந்து, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் விடுகிறார்கள். அந்தப் படத்தின் ஒரு பகுதி கண்ணெதிரே நடப்பதைக் காட்டும் மலிவான கருவி மீன்தொட்டி. ஆனால் அதைக் காட்ட, முதல் ஆறு வாரம் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது.

செய்முறை எளிது. தொட்டியில் கல் பரப்பி, நீர் நிரப்பி, ஏர் பம்ப்போடு இணைத்த ஸ்பாஞ்ச் வடிகட்டியை ஓடவிட வேண்டும். நாள்தோறும் ஒரே ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட வேண்டும். வெறும் தண்ணீருக்குத் தீவனம் போடுவதைப் பார்த்ததும், "யாருக்கு சார் சாப்பாடு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை நாமாக எதையும் விளக்காமல் இருப்பது நல்லது.

தீவனம் அழுகி அம்மோனியா ஏறும். அதை உண்ணும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்து, கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டி, மெதுவாகப் பெருகும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பால் புளிக்கும் வேகத்தை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. எண்ணிக்கை இரட்டிப்பாக மணிக்கணக்கில், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். நைட்ரோசோமோனாஸ் வகைகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். அதை உண்ணும் இரண்டாவது கூட்டம் பிறகுதான் பெருகத் தொடங்கி நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டாம் வேலைக்குப் பாடநூல் காட்டும் பெயர் நைட்ரோபாக்டர். மீன்தொட்டிகளை ஆராய்ந்தவர்கள் அங்கே அதைவிட நைட்ரோஸ்பைரா என்ற வகையே மேலோங்கியிருக்கக் கண்டார்கள். தேர்வுக்குப் பாடநூல் பெயரையே எழுதட்டும். ஆர்வமுள்ள பிள்ளைக்கு மற்றதையும் சொல்லி வைக்கலாம்.

வண்ணமீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளக்கும் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு குழு அளந்து சுவரில் ஒட்டிய வரைபடத்தாளில் புள்ளி வைக்கட்டும். முதலில் அம்மோனியா மலைபோல் ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் மலை எழும். அதுவும் சரிந்த பிறகு நைட்ரேட் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். நான்கு முதல் ஆறு வாரத்தில் இரு மலைகளும் தரைக்கு வந்து, நாள்தோறும் தீவனம் போட்டும் சுழியத்திலேயே நின்றால் தொட்டி தயார். நம் வெப்பத்தில் சில வேளை இன்னும் விரைவாகவே முடியும். நன்றாக ஓடும் பழைய தொட்டி எங்காவது இருந்தால், அதன் ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டி நீரில் பிழிந்துவிடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல. நோயுள்ள தொட்டியிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது.

சோதனைப் பெட்டி வாங்க வழியில்லாத பள்ளி ஆறு வாரம் முழுவதும் காத்திருந்துவிட்டு, ஒரே ஒரு மீனோடு தொடங்குவது பாதுகாப்பு. அந்த ஒன்று இரண்டு வாரம் நன்றாக மேய்ந்தால் இன்னொன்று.

இப்போது கவிழ்த்துக் கழுவும் பழக்கத்தைப் பார்ப்போம். இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டே வாழ்கின்றன. கல்லை வெயிலில் உலர்த்தி, ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் ஆறு வார உழைப்பு ஆறு நிமிடத்தில் போய்விடும். தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பும், இம்முறை மீன்களோடு. எனவே தொட்டியை ஒருபோதும் முழுதாகக் காலி செய்ய வேண்டாம். வாரம் ஒரு முறை, கால் பங்கு நீரை ரப்பர் குழாயால் அடிக்கல்லை ஒட்டி உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். கசடும் அதோடு வந்துவிடும். ஸ்பாஞ்சை அந்த வாளி நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். சேர்ந்துபோன நைட்ரேட்டும் இந்த நீர் மாற்றத்தில் குறையும். வெளியேற்றிய நீரைக் காய்கறித் தோட்டத்துக்கு ஊற்றலாம். நைட்ரேட் கீரைக்கு உரம். சுழற்சிப் படத்தில் செடியை நோக்கிப் போகும் அம்புக்குறி அதுதான்.

தொட்டி, எண்ணிக்கை, மின்சாரம்

கோளவடிவக் கண்ணாடிக் குடுவை வேண்டாம். அதில் நீர் குறைவு. காற்றைத் தொடும் மேற்பரப்பும் குறைவு. ரோம் நகராட்சி 2005-இல் தங்கமீனை இத்தகைய குடுவையில் வைக்கவே தடை விதித்தது. மேலே கணக்கிட்ட 54 லிட்டர் தொட்டியில் இரண்டு சிறிய தங்கமீன்கள் போதும். எட்டு மீன் பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு மீன் உயிரோடு இருப்பது அதைவிட அழகு. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டி 180 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதில் நான்கைந்து வளர்க்கலாம். தொட்டியின் எடையையும் மாணவர்களே கணக்கிடட்டும். 54 லிட்டர் நீர் 54 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 70 கிலோவை நெருங்கும். புத்தக அலமாரி அதைத் தாங்காது. வெயில் விழும் சன்னலோரமும் ஆகாது. நீர் சூடேறினால் உயிர்வளி குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் உயிர்வளி, 30 டிகிரியில் ஏழரைதான் கரையும்.

பள்ளிகளுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று உண்டு. மாலையில் அறையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். ஏர் பம்ப் நின்றால் மீனுக்கு மட்டும் மூச்சு முட்டுவதில்லை. ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாக்களுக்கும் உயிர்வளி வேண்டும். ஆகவே தலைமையாசிரியரிடம் பேசி, ஒரு பிளக் மட்டும் இரவிலும் ஓடும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும்; கீழே இருந்தால் மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறுமாறு விட்டால், ஒயரில் வழியும் துளி பிளக்குக்குப் போகாது. தொட்டியில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைப்பதும், பிள்ளைகள் பிளக்கைத் தொடாமலிருப்பதும் கட்டாய விதி.

இரவில் மின்சாரம் தர வழியே இல்லை என்றால் கண்ணாடித் தொட்டியை மறந்துவிட்டு, மர நிழலில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டுவதே மேல் என்பது என் கருத்து. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் லிட்டர். அவ்வளவு நீரில் நாலைந்து மீன் போடும் கழிவு ஒரு பொருட்டே அல்ல. நீர்ச்செடிகளும் பாசியும் பார்த்துக்கொள்ளும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கப் பள்ளிகள் ஒரு பண்ணைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், வரிசை வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்வதைக் காட்டலாம். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கசியவிட்டு நீரைக் கடும் காரமாக்கும். இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி வடித்து, நிரப்பி வடித்து, கடைசியில் பி.எச். சோதித்த பிறகே மீன் விட வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது மீன் வளர்ப்போரிடம் உள்ள பழக்கம். தொட்டிக்கு மேல் உறுதியான கம்பி வலை அவசியம். மீன்கொத்தியும் பூனையும் ஒரு காரணம்; தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் இருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

தீவனப் பொறுப்பாளர்

ஒரு நாளுக்கு ஒரு பிள்ளை மட்டுமே தீவனம் போட வேண்டும். வருகைப்பதிவு வரிசையிலேயே முறை வைத்துவிட்டால் சண்டை வராது. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேரே குடலுக்குப் போகிறது. அதனால் எப்போதும் பசித்ததுபோல் கண்ணாடியை முட்டிக்கொண்டு வரும். அந்தப் பசியை நம்பினால் நம் கணக்கு கெட்டுவிடும். வாரம் இரண்டு நாள் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, நறுக்கிய கீரை கொடுக்கலாம். சாக்கடையோரம் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு நோயையும் சேர்த்துக் கொண்டுவரும், தவிர்ப்பது நல்லது.

தங்கமீனுக்கு மூன்று நொடிதான் நினைவு என்ற கதையைப் பிள்ளைகள் எங்கிருந்தோ கேட்டு வந்திருப்பார்கள். அது உண்மையா என்று அவர்களே சோதிக்கட்டும். தீவனம் போடுவதற்குச் சற்று முன் சின்ன மணியை ஒரு முறை அடிக்க வேண்டும், அதுவும் மீன்களுக்கு ஆள் தெரியாதபடி ஒளிந்து நின்று. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தீவனம் போடாமல் மணி மட்டும் அடித்துப் பார்க்கலாம். ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ் இதுபோல விசில் ஒலிக்கு ஒரு மீனைப் பழக்கித்தான், மீனுக்குக் காது கேட்கும் என்பதை 1923-இல் காட்டினார். கெண்டை இனத்தில் காற்றுப்பையின் அதிர்வைச் சிறு எலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அதனால் அவற்றின் செவித்திறன் மற்றப் பல மீன்களைவிடக் கூர்மை. கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று நாம் சொல்வதற்கான காரணமும் அந்தச் சோதனையோடு சேர்ந்து கிடைத்துவிடும்.

வயல் ஓரத்திலிருந்து வந்த வண்ணம்

மரபியலும் பரிணாமமும் நடத்துபவர்களுக்கு இந்த மீன்கள் நல்ல பாடப்பொருள். தங்கமீனின் முன்னோர் சீனத்தின் பச்சை கலந்த பழுப்பு நிறக் கெண்டைகள். அவற்றில் எப்போதோ பிறந்த பொன்னிற மீன்களைத் தனியே பிரித்து, சோங் அரச மரபின் காலத்தில், அதாவது 960-க்கும் 1279-க்கும் இடையே, வளர்ப்பு மீனாக்கினார்கள். பின்னர் தலைமுறை தலைமுறையாக மனிதர் தேர்ந்தெடுத்ததால்தான் இரட்டை வால், பிதுங்கிய கண், தலையில் சதைமுடி எல்லாம் வந்தன. வளர்ப்பு உயிர்களின் மாறுபாடுகளைப் பற்றி 1868-இல் வெளியிட்ட நூலில் டார்வின் தங்கமீனையும் சேர்த்திருக்கிறார். தங்கமீன் குஞ்சு பிறக்கும்போது பொன்னிறமாக இருப்பதில்லை; முன்னோரைப் போலவே கருத்துத்தான் இருக்கும், சில மாதம் கழித்தே நிறம் மாறும். குண்டு உடல் வகைகள் நீந்தத் தடுமாறும், தீவனப் போட்டியில் தோற்கும். முதல் முறை வளர்க்கும் பள்ளிக்கு நீள உடலுள்ள சாதாரண வகையே ஏற்றது.

கோய் எனும் வண்ணக் கெண்டை வேறு மீன். இரு சோடி மீசை இருந்தால் கோய். மீசை இல்லாவிட்டால் தங்கமீன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடும். ஜப்பானின் நிகாட்டா மலைக்கிராம உழவர்கள் நெல்வயலுக்கான குளங்களில் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவற்றில் சிவப்பும் வெள்ளையும் தோன்றியவற்றைப் பிரித்துப் பேணினார்கள். 1914-இல் டோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் அது ஊருக்கு வெளியே புகழ்பெற்றது. இரண்டடிக்கு மேல் வளரக்கூடிய இந்த மீனை வகுப்பறைத் தொட்டிக்கு வாங்க வேண்டாம். கடையில் விரல் நீளத்தில் இருக்கும். அந்த அளவை நம்பக் கூடாது.

கோயின் நெருங்கிய உறவு ஒன்றை நம் பிள்ளைகள் சந்தையிலேயே பார்த்திருப்பார்கள். அது சாதாக் கெண்டை. அதன் ஐரோப்பிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியாவுக்குள் அது வந்த வழி ஊட்டி.

ஒரு மீன் இறந்தால்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் மீன் இறக்கலாம். அன்றைக்கு வகுப்பில் முதலில் நடப்பது குற்றம் சாட்டுதல்: "நேத்து இவன்தான் சார் தீவனம் போட்டான்." அந்தப் பிள்ளை அதை நெடுநாள் சுமக்கும். அவசரமாக மீனை வெளியே வீசிவிட்டுப் பாடம் தொடங்காமல், பத்து நிமிடம் ஒதுக்கி, சுவரில் உள்ள வரைபடத்தின் முன் எல்லோரையும் கூட்டி, தடயங்களைத் தேட வைக்க வேண்டும்.

எல்லா மீன்களும் சில மணி நேரத்தில் ஒன்றாகச் செத்தால் நஞ்சு வெளியிலிருந்து வந்தது. மேல்நிலைத் தொட்டியில் அன்று பிளீச்சிங் பவுடர் போட்டார்களா? புதிதாக ஊற்றிய நீரை ஒரு நாள் வாளியில் வைத்துக் குளோரினைப் போகவிட்டோமா, அல்லது தயோசல்பேட் சேர்த்தோமா? அறையில் கொசு மருந்து அடித்தார்களா? பல கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கடும் நஞ்சு; ஏர் பம்ப் அதைக் காற்றோடு உறிஞ்சி நீரில் கலந்துவிடும். காலையில் வரும்போது மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்று, பம்ப் ஓடியதும் தேறினால் இரவில் மின்சாரம் போயிருக்கிறது. நாள்களின் இடைவெளியில் ஒவ்வொன்றாக இறந்தால் அம்மோனியாவை அளந்து பார்க்க வேண்டும். பம்ப் ஓடியும் மூச்சுத் திணறி, செவுள் பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரைட். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை உயிர்வளி சுமக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் குளோரைடு அயனி செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கூடவே பாதி நீரை மாற்ற வேண்டும்.

உடல் முழுவதும் ரவை தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி நோய். ஒரு எச்சரிக்கை: செவுள்மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெண்மணிகள் தெரிந்தால் அது நோயல்ல. இனப்பெருக்கப் பருவத்து ஆண்மீனின் அடையாளம் அது. அதற்கு மருந்து ஊற்றிக் கொன்ற தொட்டிகள் உண்டு.

காரணத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்தால் பதிவேட்டில் தேதியிட்டு எழுதட்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதட்டும். அறிவியல் ஆசிரியர்கள் அந்தச் சொல்லுக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

விடுமுறையும் அதன் பிறகும்

வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தீவனமில்லாமல் தாங்கும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்குக் கிளம்பும்போது "ஒன்பது நாளுக்கும் சேர்த்து" ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போவதைவிடப் போடாமல் போவது நல்லது. இடையில் ஒரு நாள் யாராவது வந்து பார்த்தால் போதும். கோடை விடுமுறைக்கு இது ஒத்துவராது. நீர் ஆவியாகி வற்றும், வெப்பம் ஏறும். ஏப்ரலிலேயே ஒரு பொறுப்பாளரை முடிவு செய்துகொள்ள வேண்டும். மீன்களை வீட்டுக்குக் கொண்டுபோவதானால் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் தொட்டி நீரோடு ஈரமாகவே கூடப் போக வேண்டும். உலர்ந்துபோனால் ஜூனில் மறுபடி ஆறு வாரம்.

மீன் பெரிதாகிவிட்டது, பார்க்க ஆளில்லை என்று ஊர்க்குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடும் வழக்கம் இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் தங்கமீனும் கோயும் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மீன்கள். நீர் கலங்கும், வெளிச்சம் கிடைக்காமல் நீரடிச் செடிகள் அழியும், தொட்டி நோய்கள் குளத்து மீன்களுக்குப் பரவும். வேறு பள்ளிக்கோ, வாங்கிய கடைக்கோ, சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் பெற்றோருக்கோ கொடுத்துவிடலாம். எங்கே கொடுப்பது என்பதை மீன் வாங்கும் அன்றே வகுப்பில் பேசி, பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது வசதி.